இது இப்படியிருக்க...

சரித்திரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் பெண் திடீரென்று தலையைத் தூக்கி, "ஆர்க்கிமிடீஸைக் கொன்னாங்களே, அப்போ சீனாவிலே யாருப்பா ராஜா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கும் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் கிரேக்கருக்கு ஒரு நோட்டு, ரோமருக்கு ஒரு நோட்டு. ஒரு நோட்டில் இருப்பவர் அடுத்த நோட்டை எட்டிப் பார்த்ததே கிடையாது. "நாளைக்குச் சொல்றேன்" என்று தப்பித்துக்கொண்டேன். தொடர்கதை எழுதுகிறவனுக்கு நன்றாகப் பழகிய வார்த்தை அது.

அன்று இரவு புத்தகங்களை இறக்கி வைத்துக்கொண்டு, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, கி.மு. 219 முதல் 210 வரை பத்து வருஷங்களை எழுதி, யார் யார் எங்கே இருந்தார்கள் என்று நிரப்ப ஆரம்பித்தேன்.

218-ல் கார்த்தேஜ் தளபதி ஹானிபால், யானைகளை ஓட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கினான். 216-ல் கன்னே என்ற இடத்தில் ஒரே பகலில் ரோமானியச் சேனையை அழித்தான். இறந்த ரோமர்கள் சுமார் 48,000 என்று லிவியும், 70,000 என்று பாலிபியஸும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நடுவே 217-ல், காஸாவுக்குத் தெற்கே ராஃபாவில், எகிப்தின் டாலமியும் சிரியாவின் ஆன்டியோக்கஸும் மோதிக்கொண்டார்கள். ஆன்டியோக்கஸிடம் 102 இந்திய யானைகள் இருந்தன. அவற்றின் வாடையும் பிளிறலும் தாங்காமல் டாலமியின் ஆப்பிரிக்க யானைகள் பின்வாங்கினவாம். ஆனாலும் ஜயித்தது என்னவோ டாலமிதான். யானைகளின் தாய்நாட்டில் அப்போது அசோகர் காலமாகிச் சுமார் பதினைந்து வருஷங்கள். மௌரிய ராஜ்யம் தேய்ந்துகொண்டிருந்தது.

இது இப்படியிருக்க, 213-ல் சீனச் சக்கரவர்த்தி சின் ஷி ஹுவாங் பழைய நூல்களைக் கொளுத்தச் சொன்னான். வைத்தியம், ஜோசியம், விவசாயம், தன் சொந்த நாட்டுச் சரித்திரம் இவற்றுக்கு மட்டும் விலக்கு. தன் வம்சம் பதினாயிரம் தலைமுறை ஆளவேண்டும் என்பது அவன் ஆசை. சாகாமருந்து தேடக் கடலில் ஆள் அனுப்பினவன், 210-ல் பிரயாணத்தின் நடுவே செத்துப்போனான். விஷயம் வெளியே தெரியாமலிருக்க, மூடுவண்டியில் பிணத்தோடு ஊர் திரும்பினார்களாம். நாற்றத்தை மறைக்கக் கூடவே கருவாட்டையும் ஏற்றினார்களாம். பதினாயிரம் தலைமுறை, நாலைந்து வருஷத்துக்குள் முடிந்துவிட்டது.

அவன் புத்தகத்துக்குத் தீ வைத்த மறு வருஷம், 212-ல், ஸிஸிலித் தீவின் ஸிரக்யூஸ் நகரம் ரோமரிடம் விழுந்தது. தன் யந்திரங்களால் முற்றுகையைத் தடுத்து நிறுத்திய ஆர்க்கிமிடீஸை உயிரோடு பிடிக்க வேண்டும் என்பது தளபதி மார்செல்லஸின் விருப்பம். ஆனால் தாம் வரைந்த கோடுகளிலேயே ஆழ்ந்திருந்த கிழவரை ஒரு சிப்பாய் வெட்டிவிட்டான் என்று சொல்கிறார்கள்.

பெண்ணின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. என் கேள்வி அப்போதுதான் ஆரம்பித்தது. நாங்கள் கதையில் "இது இப்படியிருக்க" என்று எழுதிக் காட்சியை மாற்றினால், இரண்டு கூட்டமும் கடைசி அத்தியாயத்தில் சந்தித்தே தீரும் என்று வாசகர்கள் நம்பலாம். சரித்திரம் அந்த மரியாதையைக் காட்டவில்லை. கொளுத்தியவனும் வெட்டுண்டவரும் ஒருவரை ஒருவர் கேள்விப்படாமலே போய்ச் சேர்ந்தார்கள். பாவம், தூரம் அப்படி என்று எண்ணிக்கொண்டு நோட்டை மூடப் போனேன்.

மூட முடியவில்லை. கி.மு. 75-ல் ஸிஸிலிக்கு அதிகாரியாக வந்த சிஸரோ, ஆர்க்கிமிடீஸின் கல்லறை எங்கே என்று கேட்டபோது, ஸிரக்யூஸ்வாசிகள் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றார்களாம். உருளையும் கோளமும் செதுக்கிய அந்தத் தூணை முட்புதருக்குள்ளிருந்து வெளிநாட்டு ரோமானியன்தான் கண்டுபிடித்தான். நடுவில் ஓடியவை 137 வருஷங்கள். அங்கே தூரம் எங்கே வந்தது? சொந்த ஊர்க்காரர்களே அல்லவா மறந்தார்கள்!

137 வருஷம் என்றால் நாலைந்து தலைமுறை. அமாவாசைத் தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று பெயர் சொல்லி எள்ளும் ஜலமும் விடுகிறேன். நாலாவது பெயர் எனக்குத் தெரியாது. அவர் ஹானிபாலுமல்ல, சீனத்தில் இருந்தவருமல்ல. என் மூக்கு அவருடையதாகக்கூட இருக்கலாம்.

காலையில் பெண்ணிடம் விடையைச் சொல்லி நோட்டைக் காட்டினேன். அடியில் நான் எழுதியிருந்த மூன்று பெயர்களைப் பார்த்துவிட்டு, "நாலாவது ஏன் காலியா இருக்கு?" என்றாள்.

"நாளைக்குச் சொல்றேன்" என்று வாய்வரை வந்தது. கிராமத்தில் அத்தை ஒருத்தி இருக்கிறாள், எண்பத்திரண்டு வயது. அவளுக்குத் தெரிந்திருக்கும். சிஸரோ வரட்டும் என்று காத்திருப்பதற்கில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணையும் அழைத்துக்கொண்டு புறப்படுகிறேன்.