ஜாதகம் போல் ஒரு படம்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சுவர் வெறுமையாகவே கிடந்தது. அருவியும் மானுமாக ஒரு படம் வாங்கி மாட்டலாம் என்றிருந்தேன். "அதெல்லாம் வேண்டாம்மா, நான் காட்டறேன் வா" என்று சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் என்னைச் சோழமண்டலம் அழைத்துப் போனாள். அவளுக்கு அப்போது மனசு சரியில்லை. எல்லாம் பேசி முடித்த வரன், ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று தட்டிப்போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நாலு இடம் போய் வந்தால் மனசு தேறும் என்று நானும் கிளம்பினேன்.

திருவான்மியூரைத் தாண்டி, மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது இந்த ஓவியர் கிராமம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966-ல் இளம் ஓவியர்களைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தது. படம் விற்றுப் பிழைப்பது கஷ்டம் என்று, பாத்திக் துணி போன்ற கைவேலைகளும் செய்து விற்றுக் காலூன்றினார்களாம். அடுப்பு எரிய ஒரு கைத்தொழில், ஆசைக்கு ஒரு கலை... நம்மில் பல பெண்கள் செய்வதும் இதுதானே!

மரநிழலில் கருங்கல் சிற்பங்கள். உள்ளே ஓவியக்கூடம். 1977-ல் மறைந்த பணிக்கர், 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்று ஒரு வரிசையே வரைந்திருக்கிறார். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கட்டங்கள், பொடிப் பொடி எழுத்து, கணக்குக் குறிகள்... அசல் ஜாதகம்! ஐயோ, இதையா இவள் பார்க்க வேண்டும் என்று அவளை இழுத்துக்கொண்டு நகரப் பார்த்தேன்.

அவளோ சிரித்தாள். "நல்லாப் படிச்சுப் பாரும்மா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எழுத்து மாதிரி இருக்கிறது. ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

"இதுக்கு எந்த ஜோசியராலும் பலன் சொல்ல முடியாது. இதுதான் எனக்கு வேணும்."

ஒரு மாதத்துக்கப்புறம் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அசல் ஓவியம் நமக்குக் கட்டுப்படியாகுமா? அந்த மாதிரிப் படம் ஒன்றின் அச்சுப் பிரதியை நகரில் ஒரு படக்கடையில் சட்டம் போட்டே வாங்கினோம். வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். காகிதம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சுற்றிலும் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஈரம் கோத்துப் படம் பாழாகும். வெயில் நேராக விழும் சுவரிலும், ஓதமுள்ள சுவரிலும் மாட்ட வேண்டாம். துடைக்கும்போது தண்ணீரைக் கண்ணாடியில் தெளிக்காமல், துணியை லேசாக நனைத்துத் துடைத்தால் போதும்.

படத்தை மாட்டியதும் என் மாமியார் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார்.

"யார் ஜாதகம்மா இது?"

"உங்க பேத்தியோடதுதான் அத்தை."

"தோஷம் ஏதாவது இருக்கா?"

"ஒரு எழுத்துகூடப் படிக்க முடியலை."

"அப்போ நல்ல ஜாதகம்தான்!" என்றாரே பார்க்கலாம்!

பெண் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரேதான் அது இப்போது தொங்குகிறது.