ராகி உருண்டை

பைல் நாட்டுக்காரர்களுக்குக் கூட்டம் புதிதல்ல. ஆடி 18 வந்தால் 70 கொண்டை ஊசி வளைவிலும் வண்டிதான். வல்வில் ஓரி விழா, ஆகாயகங்கை, அறப்பளீஸ்வரர் கோயில்... அந்த நாட்களில் உள்ளூர்க்காரர் செம்மேடு பக்கம் போகவே யோசிப்பார்.

அதனால்தான், அப்பாவுக்குக் காட்டு யானை காட்ட முதுமலை போவது என்று முடிவானதும், மகன் முதல் வேலையாக மே மாதத்தை விலக்கினார். மிளகுக் காசு கையில் இருப்பதும், பேரனுக்கு லீவு இருப்பதும் அப்போதுதான். ஆனால் 2025 சீசனில் நீலகிரிக்கு இ-பாஸ் வார நாளில் 6,000 வண்டிக்கு, சனி, ஞாயிறில் 8,000 வண்டிக்கு. அத்தனைக்கும் நடுவே முட்டிவலிக்காரரை எங்கே நிற்க வைப்பது?

"முட்டி முழுசா தேயறதுக்குள்ள போயிடணும்டா" என்றார் அப்பா.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. பேரன் பள்ளிக்கு இரண்டு நாள் மட்டம். மழைக்குப் புல் வளர்ந்துவிட்டால் மிருகம் கண்ணில் படுவது குறையும், தெரிந்தேதான் கிளம்பினார்கள். வனத்துறை வண்டியில் சுற்றியதில் புள்ளிமான்கள், மயில், புதருக்குப் பின்னால் ஒரு காட்டெருமையின் முதுகு. யானை இல்லை. அப்பா வழியெல்லாம் பேசவில்லை. மகனுக்கு மே மாதமே வந்திருக்கலாமோ என்றிருந்தது.

மாலையில் தெப்பக்காடு முகாம். வளர்ப்பு யானைகளுக்குத் தீனி நேரம். நெரிசல் இல்லாததால் அப்பா முன்னால் போய் நின்றார். பாகன் பெரிய உருண்டையை யானை வாயில் திணித்தார்.

"டேய், நம்ம ராகிடா!"

ஒரு வேளைக்கு எத்தனை கிலோ என்று பாகனிடம் கேட்டுவிட்டு, தன் காட்டு விளைச்சல் எத்தனை நாளைக்கு வரும் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.