அந்தக் கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்

குடியை விட முடியாமல் தவிக்கிறவர் யாராவது இதைப் படித்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். 1935இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் மனம்விட்டுப் பேசியதில் தொடங்கியது. இன்று தமிழிலும் நடக்கிறது. கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும்.

குடும்பத்தாரும் வரலாம் என்றிருந்த ஒரு கூட்டத்துக்கு அண்ணனோடு போனேன். வீட்டில் எங்களிடம் வாயே திறக்காதவர், முன்பின் தெரியாதவர்கள் முன்னால் தானாகப் பேசினார். அறிவுரை சொல்ல அங்கே யாரும் இல்லை. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும்: தினமும் நிறையக் குடிப்பவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். குடும்பத்தாருக்கு அல்-அனான் கூட்டங்கள் தனியாக உண்டு. அண்ணி இப்போது அங்கே போகிறார்.