பாட்னாவில் ஒரு கிரேக்க நூல்

சந்தாபுராவில் தமிழ் கேளாத தெரு இல்லை. ஓசூர்ச் சாலையிலிருந்து ஆனேக்கல்லுக்குப் பாதை பிரியும் அச்சந்திப்பில் கிருஷ்ணகிரித் தமிழும் தருமபுரித் தமிழும் கன்னடத்தோடும் தெலுங்கோடும் கலந்து ஒலிக்கும். சில ஆண்டுகளாகப் பீகார் இளைஞர்களின் இந்தியும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. பொம்மசந்திரத் தொழிற்சாலைகளுக்குப் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள். நம் வீட்டு மாடியில் குடியிருக்கும் இருவர் பாட்னாக்காரர். அவர்கள் ஊரில், உலகில் வேறெங்கும் கிடைக்காத ஒரு வடிவகணிதக் கையெழுத்துப் பிரதி இருக்கிறதென்று படித்தது முதல், அவ்வூரைக் காணும் ஆவல் நமக்கு மிகுந்தது. சென்ற கோடையில் ரயில்வே பாஸ் எடுத்துக் குடும்பத்தோடு புறப்பட்டோம்.

தானாப்பூர் வரை செல்லும் வண்டிக்குச் சங்கமித்ரா என்று பெயர். பாடலிபுத்திரத்திலிருந்து போதிக் கிளையை இலங்கைக்குக் கொண்டுசென்ற அசோகன் மகளின் பெயர் அது. அந்த வண்டி பெரம்பூரைத் தொட்டுச் செல்வது நமக்கு மிகவும் பிடித்திருந்தது. வழியில் வெயிலையும் தூசியையும் தவிர வேறு சொல்வதற்கில்லை.

கங்கைக்கரையை ஒட்டிய அசோக ராஜபாதையில் இருக்கிறது குதா பக்ஷ் நூலகம். முகம்மது பக்ஷ் என்பார் தாம் சேர்த்த 1,400 ஏட்டுச் சுவடிகளை மகனிடம் ஒப்படைத்து, இவற்றைப் பொதுமக்களுக்குரிய நூலகமாக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு 1876இல் கண்மூடினார். வக்கீலாகிய மகன் குதா பக்ஷ் அவற்றை ஏறத்தாழ 4,000 ஆகப் பெருக்கி 1891இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார். அவருடைய கல்லறையும் அவ்வளாகத்திலேயே உள்ளது.

நாம் தேடிச் சென்ற நூல், ஒன்றையொன்று தொட்டு நிற்கும் வட்டங்களைப் பற்றியது. கி.மு. 212இல் மாண்ட ஆர்க்கிமிடீஸின் பெயரால் வழங்குவது. கிரேக்க மூலம் அழிந்துபோயிற்று. அரபு மொழிபெயர்ப்பு மட்டும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் படியெடுத்த ஒரே சுவடியில், இங்கே எஞ்சியிருக்கிறது. ஆராய்ச்சியாளர்க்கே உரிய அதனைக் கண்ணாற் காணும் பேறு நமக்கு இல்லை. அது குறித்து நமக்குக் குறையுமில்லை. பல்லாயிரம் கைகள் புரட்டியிருந்தால் அது மிஞ்சியிராது.

வட்டங்கள் தொடுவதில் என்ன இருக்கிறது என்று நம் இல்லத்தரசியார் வினவினார். வீட்டிலுள்ள இரண்டு வளையல்களைத் தரையில் ஒன்றையொன்று தொடுமாறு வைத்து, இரண்டின் நடுப்புள்ளிகளையும் ஒரு நூலால் இணைத்துப் பாருங்கள். வளையல் பெரிதோ சிறிதோ, அந்நூல் அவை தொடும் இடத்தின் மேலாகவே செல்லும். யூக்ளிட் காலத்திலேயே நிறுவப்பட்ட உண்மை இது. இத்தகைய சிறு உண்மைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செல்வதே இவ்வகை நூல்களின் முறை.

கிரேக்கக் கணித நூல்களை அரபுக்குக் கொணர்ந்தவர்களுள் தலைசிறந்தவர் தாபித் இப்னு குர்ரா. இன்றைய துருக்கியிலுள்ள ஹர்ரான் அவருடைய ஊர், தாய்மொழி சிரியாக். கடைத்தெருவில் நாணயம் மாற்றும் தொழில் செய்துகொண்டிருந்தார் என்பர். அவருடைய மொழியறிவைக் கண்டு வியந்த மூசாவின் மக்கள் எனப்படும் சகோதரர்களுள் ஒருவர் அவரைப் பாக்தாதுக்கு அழைத்துச் சென்றார். தாய்மொழி ஒன்று, கற்ற மொழி ஒன்று, பிழைக்க வந்த ஊரின் மொழி ஒன்று! வீட்டில் தமிழும் கடையில் கன்னடமும் அலுவலகத்தில் ஆங்கிலமும் பேசும் சந்தாபுராக் குடும்பங்களுக்கு இவர் அயலார் அல்லர். பிழைக்க வந்த ஊரில் அவர் தாய்மொழியை விட்டுவிடவுமில்லை. சிரியாக்கிலும் நூல்கள் இயற்றினார். 901இல் பாக்தாதில் மறைந்தார்.

பாட்னாச் சுவடியின் இந்நூலை ஐதராபாத்தின் தாயிரத்துல் மஆரிப் நிறுவனம் 1947இல் அச்சிட்டது. ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1975இல் வெளிவந்தது. ஒரு தந்தையின் சொல்லை மகன் காத்திராவிடில் இவற்றில் எதுவும் நடந்திராது.

ஆனாலும் இத்தகைய இடங்களுக்கு இடையூறு ஓய்வதில்லை. 2021இல் மேம்பாலம் அமைப்பதற்காக இந்நூலகத்தின் முன்புறமுள்ள கர்சன் படிப்பறையை இடிக்கும் யோசனை எழுந்தது. 1905ஆம் ஆண்டுக் கட்டடம் அது. அறிஞரும் ஊர்மக்களும் எதிர்த்து நின்றனர். மேம்பாலத்தின் வசதியை ஓசூர்ச் சாலையில் நாள்தோறும் நுகரும் நாம் அதனைப் பழிப்பதற்கில்லை. எனினும் அவ்வறை தப்பியது கண்டு மகிழ்ந்தோம். நாம் சென்ற அன்று போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அங்கே இடம் போதாமல் நெருங்கி அமர்ந்திருந்தனர்.