சாப்பிட்டது பஸ்ஸோ?

எங்கட ஆர்ட்ஸ் பீடத்தில ஆங்கிலப் பேப்பர் எண்டாலே பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். அதிலும் பிழையான வசனத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுற பகுதி. ‘வோக்கிங் டு கம்பஸ், த ரெய்ன் ஸ்டார்ட்டட்’ எண்டு ஒரு வசனம் கிடக்கும். கம்பஸுக்கு நடந்து போகேக்க மழை தொடங்கிட்டுது. எங்கட காதுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பேப்பர் பிழை என்கிறது. முன்னால் தனியே நிற்கிற ‘வோக்கிங்’, கொமாவுக்குப் பிறகு வருகிற எழுவாயோடு போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே நிற்பது மழை. அப்ப கம்பஸுக்கு நடந்து போனது மழைதான்! இதுக்கு ‘டாங்ளிங் மொடிபயர்’ எண்டு பெயர்.

இதைப் பிடிக்காதவனுக்கு ஆங்கிலம் வராது எண்டு சொல்லிவிட்டுப் போவது லேசு. எனக்கு அது நியாயமாகப் படேல்லை. தமிழில் இந்த இடத்துக்கு இரண்டு வடிவம் இருக்கு. ‘போகேக்க’ என்றால் பிறகு யாரும் வரலாம், மழையும் வரலாம். ‘நடந்து’ என்றால் நடந்தவர்தான் அடுத்த வினையையும் செய்ய வேண்டும்: நடந்து களைத்தேன். தொல்காப்பியம் வினையியலிலேயே இந்த விதி இருக்கு. ‘மழை பெய்து நெல் விளைந்தது’ போல விலக்கும் உண்டு, ஏ.எல். தமிழ் எடுத்த ஆக்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆங்கிலத்தின் ‘வோக்கிங்’ இங்கே ‘நடந்து’ மாதிரி நடக்குது. நாங்கள் அதைப் ‘போகேக்க’ எண்டு வாசிக்கிறம். தமிழில் இரண்டு நிமிஷத்தில் சொல்லக்கூடிய விஷயம். ஆனால் ஆங்கில வகுப்பில் தமிழ் வாயில் வந்தால் முகம் சுளிக்கிற ஆக்கள்தான் கூட.

போன கிழமை ஒரு ஜூனியர் தங்கச்சிக்கு இப்படித்தான் சொல்லிக் குடுத்தன். ‘ஆஃப்டர் ஈட்டிங் லஞ்ச், த பஸ் லெஃப்ட்’ எண்ட வசனத்தை ‘சாப்பிட்டு’ போட்டு வாசிச்சுப் பார்த்தாள். “அக்கா, அப்ப சாப்பிட்டது பஸ்ஸோ?” எண்டு சிரிச்சாள். அதுக்குப் பிறகு வந்த நாலையும் தானே பிடிச்சிட்டாள்.

‘ஒன்லி’யும் இதே கதைதான். தமிழில் ‘மட்டும்’ தன்ர சொல்லுக்குப் பின்னால் ஒட்டி நிற்கும்: இரவில மட்டும் சோறு, இரவில சோறு மட்டும். ஆங்கிலத்தில் ‘ஐ ஒன்லி ஈட் ரைஸ் அட் நைட்’ என்றால் இரண்டும்தான். பேசேக்க குரலின் அழுத்தம் எது எண்டு காட்டிக்குடுக்கும். பேப்பருக்குக் குரல் இல்லை. அதனால் சோறு மட்டும் எண்டால் ‘ஒன்லி’ ‘ரைஸ்’க்கு முன்னால் போக வேண்டும். கன்டீனில் அப்படிக் கவனமாகப் பேசத் தேவையில்லை, அங்கே எல்லாருக்கும் விளங்கும்.