கடைசி மூட்டு

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் துவாக்குடி வரை பிரயாணம் செய்பவர்கள், 1960களில் அங்கே பாய்லர் தொழிற்சாலை எழுந்த பின் அதைச் சார்ந்து பெருகிய இரும்புப் பட்டறைகளைப் பார்க்காமல் இருக்க முடியாது. அவற்றுள் ஒன்றில், அனல் மின்நிலையத்துக்கான குழாய்கள் உருவாவதைக் கண்டுகொண்டு நின்றபோதுதான், எந்த மூட்டைப் பட்டறையில் பற்றவைப்பது, எதைக் குழாய் பொருத்தப்படும் ஸைட்டுக்கு விடுவது என்னும் நிர்ணயத்தில் எத்தனை பேருடைய உடற்சிரமம் அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் பிரத்தியட்சமாயிற்று.

பட்டறையில் குழாய் உருளைகளின்மேல் மெல்லச் சுழல்கிறது. வெல்டர் முக்காலியில் அமர்ந்தபடி, பற்றவைப்பு எப்போதும் உச்சியிலேயே விழும்படி கையை நிலையாக வைத்துக்கொண்டால் போதும். ஸைட்டிலோ குழாய் அசையாது. மனிதன்தான் அதைச் சுற்றிவர வேண்டும். சாரத்தின்மீது மல்லாந்து படுத்து, கண்ணுக்கு எட்டாத பின்புறத்தைச் சிறு கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, உருகிய உலோகம் தன் முகத்தை நோக்கி இறங்காமல் காத்து, வீசும் காற்று ஆர்கான் வாயுவின் திரையைக் கலைத்து மூட்டில் துளைகள் விழாதபடி தார்ப்பாயால் மறைத்து, அவன் செய்யும் வேலையின் பெயரும் வெல்டிங்தான்! அதிலும் 9 சதவிகிதக் குரோமியம் கலந்த பி91 உருக்கானால், பற்றவைக்குமுன் சுமார் 200 டிகிரிக்குச் சூடேற்றி, முடிந்தபின் 760 டிகிரி அளவில் மணிக்கணக்காக நிறுத்தி, மெதுவாக ஆறவிட வேண்டும். பட்டறையில் உலை செய்யும் இக்காரியத்தை, ஸைட்டில் மூட்டைச் சுற்றிக் கட்டிய மின்கம்பிச் சுருள்களே செய்தாக வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் பட்டறையிலேயே முடித்துவிடலாமே என்று கேட்டேன். மூன்று திசையிலும் கை நீட்டி நிற்கும் ஸ்பூலை, அதாவது பட்டறையில் சேர்த்த குழாய்த் தொகுதியை, எந்த லாரியில் ஏற்றுவது என்று சிரித்த வயதான ஃபிட்டர் மேஸ்திரி, பிறகு நிதானமாகச் சொன்னார்: "பேப்பர்ல பம்ப் அசையாது சார், பூமியில அசைஞ்சிரும்." குழாய் போய்ச் சேரும் பம்பின் அஸ்திவாரம் வரைபடம் காட்டிய இடத்திலேயே இம்மியும் பிசகாமல் அமைவது அபூர்வம். ஆகையால் ஸ்பூலின் ஒரு முனையில் 100 மில்லிமீட்டர் அளவு அதிகப்படியாக விட்டு அனுப்பி, பம்பு உட்கார்ந்தபின் நேரில் அளந்து வெட்டிச் சேர்க்கிறார்கள். இதற்குச் சோம்பல்பட்டு, சேராத குழாயைச் செயின் பிளாக்கால் இழுத்துப் பூட்டினால், அந்த இழுவிசை முழுவதும் பம்பின்மேல் ஏறி அதன் அச்சைக் கெடுக்கும். இரண்டங்குலத்துக்குக் குறைந்த சில்லறைக் குழாய்களை இடம் பார்த்து ஸைட்டிலேயே வளைத்துக்கொள்வதுதான் சௌகரியம்.

பெரும்பாலான மூட்டுகளைப் பட்டறை ஏற்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு வெல்டிங் முறையில் ஆறு மாதம் பற்றவைக்காத வெல்டரின் தகுதி காலாவதியாகும் என்கிறது அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதி. சுழலும் குழாயில் அதே முறையில் வேலை செய்துவந்தாலே அந்தத் தகுதி காகிதத்தில் நீடித்துவிடுகிறது. மல்லாந்து படுத்துப் பற்றவைக்கும் கையின் பழக்கம் அப்படி நீடிப்பதில்லை. ஸைட்டுக்கு விடப்படும் மூட்டுகள் சிலவேயாயினும் அவையே கடினமானவை. ஆகவே பொறியாளர்களே, பட்டறை வெல்டரை ஸைட்டுக்கு அனுப்புமுன், 45 டிகிரி சாய்வில் நிறுத்திய ஒரு குழாய்த் துண்டைக் கொடுத்து அவன் கையை மறுபடி பரிசோதித்துப் பாருங்கள்.