பாறையில் ஓர் எர்த் குழி

தீபத்துக்கு இருபது நாள் இருக்கும்போது திருவண்ணாமலையில் வயர்மேன் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிரிவலப் பாதையை ஒட்டிய வீடுகள் பலவற்றில் அறை வாடகைக்கு விடுகிறார்கள். எல்லாருக்கும் ஒரே வாரத்தில் கீசர் மாட்ட வேண்டும், போர்டு மாற்ற வேண்டும். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கும் ஒருவர், "கூட வாங்க சார், ஆனா எதையும் தொடக் கூடாது" என்ற நிபந்தனையோடு என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பழைய வீடு. வீட்டுக்காரப் பாட்டியின் புகார் ஒரே வரி.

"கொழாயத் தொட்டா சுர்ருங்குது தம்பி."

"செருப்பு போட்டுக்கினா, வெறுங்காலா?"

"குளிக்கிற ரூம்ல யாருப்பா செருப்பு போடுவா?"

மெயினை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போனார். கீசர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் மூன்று வயரும் ஒழுங்காகத்தான் இருந்தன. சாக்கெட்டிலிருந்து போகும் பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது எந்தக் குழிக்கும் போகவில்லை. சுவரோரம் இருந்த பழைய இரும்புத் தண்ணீர்க் குழாயில் நாலு சுற்றுச் சுற்றி முடிந்திருந்தது. அவர் சிரித்துவிட்டார்.

ஒரு காலத்தில் அந்தக் குழாய் மண்ணுக்குள் ஓடியது. அதுவே எர்த்தாகவும் வேலை செய்தது. இரண்டு வருஷம் முன்பு துருப்பிடித்ததென்று சுவருக்கு வெளியே முழுக்க பிளாஸ்டிக் குழாய் போட்டிருக்கிறார்கள். குழாய்க்காரருக்கு வயர் தெரியாது, வயர்காரரை யாரும் கேட்கவில்லை. வீட்டின் எர்த் அன்றோடு போய்விட்டது. இரண்டு வருஷமாக ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் கரண்ட் ஃபேஸில் வந்து நியூட்ரலில் திரும்பிவிடும், எர்த் வயருக்கு அதுவரை வேலையே இல்லை. போர் தண்ணீரின் உப்பு கீசர் காயிலில் அப்பி அது வெடித்த பிறகுதான் ஃபேஸ் வெளியே கசிந்தது. கசிந்த கரண்ட் பச்சை வயர் வழியாக இரும்புக் குழாய்க்கு வந்து, மேற்கொண்டு போக வழியில்லாமல், வெறுங்காலோடு யாராவது வரட்டும் என்று நின்றது.

மறுநாள் தோட்டத்தில் குழி. நம் வீடுகளில் வழக்கம் எட்டடி ஜிஐ பைப்பைச் செங்குத்தாக இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போடுவது. மூன்றரை அடியில் உதவியாளர் பையனின் கடப்பாரை 'ணங்'கென்றது. மலை அந்தத் தெருவுக்கு அடியிலும் இருக்கிறது. "அக்கினித் தலம்னு சும்மாவா சொன்னாங்க, நெருப்பு எறங்குறதுக்கு மண்ணே குடுக்க மாட்டாரு" என்றார் வயர்மேன். இன்னொரு இடத்தில் தோண்டினார்கள், அங்கும் கல். கடைசியில் துணி துவைக்கும் தண்ணீர் ஓடித் தேங்கும் மூலையில் ஐந்தடி இறங்கியது. அதிலேயே பைப்பைச் சாய்த்துப் புதைத்தார்கள்.

சோதிக்க ஒரு 100 வாட் குண்டு பல்பு. ஒரு முனை ஃபேஸில், மறுமுனை புது எர்த்தில். பல்பு பளிச்சென்று எரிந்தது. எனக்கு வேலை முடிந்த மாதிரிதான் பட்டது. "எரிஞ்சா எர்த் இருக்குன்னு அர்த்தம் சார், நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல" என்றவர், பையிலிருந்து எர்த் டெஸ்டரை எடுத்தார். 18 ஓம் காட்டியது. மழைக்காலத்திலேயே 18. சித்திரையில் மண் காய்ந்தால் இன்னும் ஏறும்.

இங்கேதான் நான் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 230 வோல்ட்டை 18 ஓமால் வகுத்தால் 13 ஆம்பியர்கூட வரவில்லை. கீசருக்குப் போட்டிருப்பது 16 ஆம்பியர் எம்சிபி. அதாவது ஃபேஸ் மறுபடி கசிந்து, முழுக் கரண்டும் எர்த்தில் ஓடினாலும் எம்சிபி அசையாது. எம்சிபி இருக்கிறது, பயமில்லை என்று நானும் இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். அது வயர் தீப்பிடிக்காமல் காக்கிற சாமான். மனிதனுக்காக வைப்பது வேறு: ஆர்சிசிபி. போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்று மட்டும் பார்க்கும். வீட்டுக்குப் போடுவதில் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே துண்டித்துவிடும். ஏழு வாட் விளக்கு இழுக்கிற அளவுதான் அது. அதற்குமேல் உடம்பில் ஓடினால் இதயத்துக்கு ஆபத்து. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஆர்சிசிபியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பழைய வீடுகளில் எத்தனையில் இருக்கிறது என்பது அந்தந்த டிபி பாக்ஸைத் திறந்தால் தெரியும்.

ஆர்சிசிபி மாட்டிவிட்டு அதே குண்டு பல்பை அதே மாதிரி வைத்தார். இந்த முறை எரியவே இல்லை. 'டக்'. வீடே இருட்டு. பாட்டிக்குப் பயங்கரக் கோபம், சீரியல் நடுவில் நின்றுவிட்டது.

நாலு நாள் கழித்து அவருக்கு போன். மழை பெய்யும்போதெல்லாம் ட்ரிப் ஆகிறதாம். பௌர்ணமிக்கு ஆள் வருகிறார்கள், அதைத் தூக்கிவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிட முடியுமா என்று பாட்டியின் மகன் கேட்கிறார். "தூக்குறதுக்கு நான் எதுக்கு, வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அரை மணியில் அவரே போய் நின்றார். நானும் போனேன். ஒவ்வொரு லைனாக இறக்கிப் பார்த்ததில், கோளாறு கடைசியில் தெருப்பக்க அறையில் வந்து நின்றது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, ஈரம் ஊறிய சுவரில், அருணாசலேஸ்வரர் படம். படத்தைப் பயபக்தியோடு இறக்கிக் கட்டிலில் வைத்தார். அதன் ஆணி பிளாஸ்டரைத் தாண்டி, போர்டுக்கு இறங்கும் பைப்பைத் துளைத்து, சிவப்பு வயரின் தோலைக் கிழித்திருந்தது.

ஆணியைப் பிடுங்கி பையனின் உள்ளங்கையில் வைத்தார். "போர்டுக்கு நேரா மேலயும் கீழயும் ஆணி அடிக்காதடா, வயர் அந்த வழியாத்தான் வரும்."

கதவருகே நின்ற பாட்டி, "அப்ப படத்த எங்க மாட்றது?" என்றார்.